உலாவித் தேர்வு

உலாவித் தேர்வு என்பது, கணினியிலோ செல்லிடத் தொலைபேசியிலோ வலைப்பக்கங்களைப் பார்ப்பதற்கு எந்த உலாவியை அன்றாடம் பயன்படுத்துவது என ஒரு பயனர் முடிவு செய்வதைக் குறிக்கும். பார்ப்பதற்கு இது தனிமனித விருப்பம் சார்ந்த சிறிய செய்தியாகவே தோன்றும். உண்மையில் பெரும்பாலானோர் இம்முடிவைத் தாமே எடுப்பதில்லை. கருவியை வாங்கும்போது அதில் முன்னரே நிறுவப்பட்டு வரும் உலாவியே அவர்களது உலாவியாகி விடுகிறது. இவ்வாறு முன்னிருப்பாக அமையும் உலாவியைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது என்பது தொடர்பாக 1998 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் வழக்குகள் நடைபெற்றுள்ளன. ஒரே உலாவி மிகப் பெரும்பான்மை பெற்றிருந்த காலத்தில் வலைத்தளங்கள் அவ்வுலாவிக்காக மட்டுமே எழுதப்பட்டன. ஏனைய உலாவிகளைப் பயன்படுத்தியோர் தமது வங்கிக் கணக்கைக் கூடப் பார்க்க இயலாத நிலை தென்கொரியாவில் ஏற்பட்டது. தமிழ் எழுத்துகள் திரையில் ஒழுங்காகத் தெரிவதும் உடைந்து தெரிவதும் கூட ஒரு காலத்தில் உலாவியைப் பொறுத்தே அமைந்தன.

உலாவியும் உலாவிப் பொறியும்

பயனர் ஒரு முகவரியைத் தட்டியதும் உலாவி உரிய வழங்கியுடன் தொடர்பு கொண்டு, எச்.டி.எம்.எல் மொழியில் எழுதப்பட்ட பக்கத்தைப் பெறுகிறது. அதனுடன் வரும் நடைதாள்களையும் படங்களையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களையும் சேர்த்துக் கணித்து, எந்த எழுத்து எவ்விடத்தில் எவ்வளவு அகலத்தில் அமைய வேண்டும் எனத் தீர்மானித்துத் திரையில் வரைகிறது. இவ்வேலையைச் செய்யும் பகுதி உலாவிப் பொறி எனப்படும். நாம் கண்ணால் காணும் முகவரிப் பட்டை, பொத்தான்கள், புத்தகக்குறிகள், கீற்றுகள் ஆகியன பொறியைச் சுற்றி அமைந்த மேற்கூடு மட்டுமே.

இவ்வேறுபாட்டை அறிந்து கொள்வது முக்கியமானது. பியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இயந்திரம் மாருதி சுவிப்ட்டிலும் டாட்டா இண்டிகா விஸ்டாவிலும் ஓடியதைப் போல, வெவ்வேறு பெயர் கொண்ட உலாவிகள் பலவற்றுள் ஒரே பொறி இயங்குகிறது. கூகுள் குரோம், மைக்ரோசாப்ட் எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகிய அனைத்தும் பிளிங்க் என்னும் பொறியைக் கொண்டவை. ஆப்பிளின் சபாரி வெப்கிட் பொறியைக் கொண்டது. மொசில்லாவின் பயர்பாக்சும் அதனை அடிப்படையாகக் கொண்ட டோர் உலாவியும் கெக்கோ பொறியில் இயங்குவன. எனவே குரோமிலிருந்து பிரேவுக்கு மாறும் ஒருவர் மேற்கூட்டையும் நிறுவனத்தையும் மாற்றிக் கொள்கிறாரே ஒழிய, பொறியை மாற்றுவதில்லை.

இப்பொறிகளுக்கிடையே உறவுமுறையும் உண்டு. கே.டி.ஈ திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998இல் கொன்குவரர் உலாவிக்காக கே.எச்.டி.எம்.எல் என்னும் சிறிய பொறியை எழுதத் தொடங்கினர். அதனை எடுத்து வளர்த்தே ஆப்பிள் நிறுவனம் 2003இல் சபாரியை வெளியிட்டது. அப்பொறிக்கு வெப்கிட் எனப் பெயரிட்டது. அதே வெப்கிட்டுடன் 2008இல் தோன்றிய குரோம், 2013இல் அதிலிருந்து கிளை பிரிந்து பிளிங்க் எனத் தனியாயிற்று. இன்று உலகின் தொலைபேசிகளிலும் கணினிகளிலும் இயங்கும் உலாவிகளில் மிகப் பெரும்பாலானவை, சம்பளம் பெறாத சிலர் லினக்ஸ் பயனர்களுக்காக எழுதிய அந்நிரலின் வழிவந்தவையே.

தொடக்க காலம்

டிம் பேர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் சேர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினி ஒன்றில் முதலாவது உலாவியை எழுதினார். அதில் பக்கங்களைப் படிப்பது மட்டுமன்றித் திருத்தவும் இயலும். இலினொய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆன்டிரீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கி 1993இல் வெளிவந்த மொசைக், உரையுடன் படங்களையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் பொதுமக்களிடம் பரவிற்று. ஆன்டிரீசன் பின்னர் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் நவிகேட்டர் உலாவியின் முதற் பதிப்பு 1994 திசம்பரில் வெளியாகிச் சில மாதங்களிலேயே முதலிடம் பெற்றது.

முதல் உலாவிப் போர்

வலையின் வளர்ச்சியைத் தாமதமாக உணர்ந்த மைக்ரோசாப்ட், மொசைக்கின் வணிக உரிமத்தை வைத்திருந்த ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடமிருந்து நிரலைப் பெற்று 1995 ஆகத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. விற்பனை வருவாயில் பங்கு தருவதாக ஸ்பைகிளாசுடன் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் உலாவியை மைக்ரோசாப்ட் விற்கவேயில்லை, விண்டோசுடன் இலவசமாகவே கொடுத்தது! இப்பிணக்கு 1997இல் 80 இலட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது.

ஏமாந்தது ஸ்பைகிளாஸ் மட்டுமன்று. வணிக நிறுவனங்களுக்கு உலாவியை விற்றுப் பிழைத்த நெட்ஸ்கேப், ஒவ்வொரு புதிய கணினியிலும் விலையின்றி வந்திறங்கிய ஓர் உலாவியுடன் போட்டியிட இயலவில்லை. 1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு நீதிபதி தாமஸ் பென்பீல்ட் ஜாக்சன் 2000 சூனில் ஆணையிட்டார். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. எனினும் மைக்ரோசாப்ட் தனது முற்றுரிமையைச் சட்டத்திற்குப் புறம்பாகக் காத்துக் கொண்டது என்னும் முடிவை உறுதி செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் ஏ.ஓ.எல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டு விட்டது. தீர்ப்பு சரியாகவே வந்தது, ஆனால் நோயாளி இறந்த பின் வந்த மருந்தாக அது அமைந்தது.

போரில் வென்றவர் அடுத்து என்ன செய்தார் என்பதே உலாவித் தேர்வைப் பற்றி அறிய விரும்புவோர் கவனிக்க வேண்டியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஆனது 2001 ஆகத்தில் வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உலகின் 10 பயனர்களில் ஏறத்தாழ ஒன்பது பேர் பயன்படுத்திய மென்பொருளில், பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர, குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கும் கீற்று வசதி அதில் இல்லை. ஒளிபுகும் பி.என்.ஜி படங்களை அது ஒழுங்காகக் காட்டவில்லை. நடைதாள் சீர்தரங்களை அது தன்போக்கில் விளங்கிக் கொண்டதால், வலைத்தளம் அமைப்போர் ஒரே பக்கத்தை இருமுறை எழுத வேண்டியதாயிற்று. நேரமில்லாதோர் எக்ஸ்புளோரருக்கு மட்டும் எழுதினர். இந்தியாவிலும் "இத்தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் சிறப்பாகத் தெரியும்" என்னும் பொருள்பட்ட வரி பல அரசுத் தளங்களின் அடியில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. போட்டியாளர் இல்லாதபோது முன்னேற்றத்திற்கான தேவையும் இல்லாமற் போயிற்று எனலாம். 2004 சூனில், எக்ஸ்புளோரரின் பாதுகாப்பு ஓட்டைகள் பற்றிய அறிவிப்பு ஒன்றில், வேறு உலாவியைப் பயன்படுத்துவதையும் தீர்வுகளில் ஒன்றாக அமெரிக்காவின் கணினி அவசரகாலக் குழு குறிப்பிட்டது.

தென்கொரியாவின் பட்டறிவு

ஒரே உலாவியை நம்பியிருத்தலின் விளைவைத் தென்கொரியாவைப் போல வேறெந்த நாடும் அனுபவித்ததில்லை. 1990களில், வலுவான மறையீட்டு நிரல்களை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தது. வெளிநாடுகளுக்கு வந்த உலாவிகளில் 40 நுண்மி மறையீடு மட்டுமே இருந்தது. பணப் பரிமாற்றத்திற்கு அது போதாது. எனவே தென்கொரியாவின் தகவல் பாதுகாப்பு முகமை சீட் என்னும் 128 நுண்மி மறையீட்டு முறையை 1998இல் உருவாக்கியது. நோக்கம் மிக நல்லது. ஆனால் எந்த உலாவியிலும் இம்முறை உள்ளமைந்திருக்கவில்லை. ஒரு செருகியை நிறுவியே பயன்படுத்த இயலும். நெட்ஸ்கேப் நலிவுற்ற பின், எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கக்கூடிய ஆக்டிவ்எக்ஸ் செருகியே எஞ்சிற்று.

1999இல் இயற்றப்பட்ட மின்கையொப்பச் சட்டத்தின் வழி வந்த அதிகாரபூர்வ சான்றிதழ் முறையும் இதே செருகிகளை நம்பியது. விளைவாக, வங்கி, வரி, இணைய வணிகம் என எதற்கும் விண்டோசும் எக்ஸ்புளோரரும் கட்டாயமாயின. மாக்கின்டோஷ், லினக்ஸ் பயனர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசாப்ட் ஆக்டிவ்எக்சின் கட்டுப்பாடுகளை இறுக்கியதால், கொரிய வங்கித் தளங்கள் பலவும் சரிவர இயங்காமற் போயின. ஒரு நாட்டின் வங்கித்துறை, வேறொரு நாட்டிலுள்ள நிறுவனம் ஒன்றின் உலாவிப் பதிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதாயிற்று.

இதில் பாதுகாப்பு நோக்கமும் தோற்றது என்பது வேடிக்கை. ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு செருகியை நிறுவிப் பழகிய மக்கள், திரையில் தோன்றும் எந்தக் கேள்விக்கும் "சரி" என அழுத்தப் பழகினர். தீநிரல் பரப்புவோருக்கு அது வசதியாயிற்று. 2014இல், ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரில் கதைத்தலைவி அணிந்த மேலங்கியைச் சீன இரசிகர்கள் இணையத்தில் வாங்க முயன்று இச்சான்றிதழ் முறையால் தோற்றதைக் குடியரசுத் தலைவர் பார்க் கியுன்-ஹை ஒழுங்குமுறைச் சீர்திருத்தக் கூட்டமொன்றில் எடுத்துக்காட்டாகக் கூறினார். அதன் பிறகே கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதிகாரபூர்வ சான்றிதழின் தனியுரிமையை நீக்கிய சட்டத்திருத்தம் 2020 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

தமிழும் உலாவிகளும்

ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் திஸ்கி, தாப், தாம் போன்ற குறியேற்றங்களையும் செய்தித்தாள்களின் சொந்தக் குறியேற்றங்களையும் பயன்படுத்தின. ஒரு தளத்தைப் படிக்க அத்தளத்துக்குரிய எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவ வேண்டும். இத்தொல்லையைப் போக்க வந்ததே இயங்கு எழுத்துரு நுட்பம். பக்கத்துடன் எழுத்துருவும் தானாக வந்து சேரும். ஆனால் இதிலும் உலாவிப் போர் புகுந்தது. நெட்ஸ்கேப் 4 ஒரு வகைக் கோப்பையும் எக்ஸ்புளோரர் வேறொரு வகைக் கோப்பையும் கேட்டன. நெட்ஸ்கேப் மறைந்தபின் பல தமிழ்த் தளங்கள் எக்ஸ்புளோரருக்கான கோப்பை மட்டும் வைத்திருந்தன. அவற்றைப் பயர்பாக்சில் திறந்தவருக்குக் கிடைத்தவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறியீடுகளுமே. அனைத்து உலாவிகளும் ஏற்கும் பொதுவான வலை எழுத்துரு முறை 2008, 2009ஆம் ஆண்டுகளில்தான், சபாரி 3.1, பயர்பாக்ஸ் 3.5 ஆகிய பதிப்புகளுடன், பரவத் தொடங்கிற்று.

ஒருங்குறி வந்த பின்னரும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. தமிழில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியன கணினியின் நினைவகத்தில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன; திரையிலோ அவை முன்னால் வர வேண்டும். 'கொ' போன்ற எழுத்தில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் அமர வேண்டும். இவ்வேலையை உலாவி, இயங்குதளத்திலுள்ள எழுத்து வடிவமைப்பு நிரலிடம் ஒப்படைக்கிறது. விண்டோசில் யூனிஸ்கிரைப்பும் லினக்சில் பாங்கோவும் இதனைச் செய்தன. விண்டோசில் இயங்கிய பயர்பாக்சின் பழைய பதிப்புகளில், பத்தியின் இருபுற ஓரங்களையும் சீராக்குமாறு பக்க வடிவமைப்பாளர் கட்டளையிட்டிருந்தால், எழுத்துகளுக்கிடையே இடைவெளி புகுந்து கொம்புகள் தனித்தனியே உதிர்ந்து கிடக்கும். தமிழ் வலைப்பதிவர்கள் பலர் இதற்காகவே ஓரச் சீராக்கத்தைக் கைவிட்டனர். 2008 சூனில் வெளிவந்த பயர்பாக்ஸ் 3, எழுத்துகளை வரையும் பகுதியைப் புதிதாக எழுதி இக்குறையைத் தீர்த்தது.

செல்லிடத் தொலைபேசிகளில் தமிழைக் கொண்டு சேர்த்ததில் ஓப்பரா மினிக்குத் தனியிடம் உண்டு. 2005இல் நார்வேயில் அறிமுகமான இவ்வுலாவி, பக்கத்தைத் தனது வழங்கியிலேயே கணித்துச் சுருக்கி அனுப்பியதால், எளிய ஜாவா தொலைபேசிகளிலும் குறைந்த செலவில் இயங்கியது. அத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆனால் உலாவியின் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகப் பெறும் தெரிவை இயக்கினால், வழங்கியே தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும்! இவ்வழியைப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தனர். இதற்கு ஒரு விலையும் இருந்தது. பக்கம் ஓப்பராவின் வழங்கியில் பிரிக்கப்பட்டுச் சுருக்கப்படுவதால், பயனருக்கும் தளத்துக்கும் இடையே முழுமையான மறையீடு இருக்க இயலாது. வங்கிப் பணிகளுக்கு அது உகந்ததன்று.

பயர்பாக்சும் குரோமும்

நெட்ஸ்கேப் தனது நிரலை 1998 மார்ச்சு 31 அன்று திறந்த மூலமாக வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொசில்லா திட்டத்தில், டேவ் ஹையாட், பிளேக் ராஸ் ஆகியோர் எடையற்ற ஓர் உலாவியைத் தனியே பிரித்தெடுத்தனர். பீனிக்ஸ், பயர்பேர்ட் எனப் பெயர்கள் மாறி, 2004 நவம்பர் 9 அன்று அது பயர்பாக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் நன்கொடையாளர்களின் பெயர்கள் நிறைந்த இரு பக்க விளம்பரம் வெளியாயிற்று. பயர்பாக்ஸ் 3 வெளியானபோது 24 மணி நேரத்தில் 80 இலட்சத்திற்கும் மேலான தரவிறக்கங்கள் நிகழ்ந்து கின்னஸ் சாதனையாயிற்று. எவரும் முன்னிருப்பாகத் தராத ஓர் உலாவியை மக்கள் தேடிச் சென்று நிறுவியதற்கு இதனைவிடச் சிறந்த சான்று இல்லை.

கூகுள் குரோம் 2008 செப்டம்பர் 2 அன்று வெளிவந்தது. ஒவ்வொரு கீற்றையும் தனிச் செயலாக இயக்கியதால் ஒரு பக்கம் முடங்கினாலும் ஏனையவை தப்பின. வி8 என்னும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் அக்காலப் போட்டியாளர்களைவிட மிக விரைவானது. அதன் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளை, உலகிலேயே மிகுதியாகப் பார்க்கப்படும் தேடல் பக்கத்தில் அதற்கு விளம்பரம் கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. ஸ்டேட்கவுண்ட்டர் கணக்கின்படி 2012 மே மாதத்தில் குரோம் எக்ஸ்புளோரரை முந்தியது. ஓப்பரா 2013இல் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டது. மைக்ரோசாப்டும் 2018 திசம்பரில் தன் பொறியைக் கைவிடுவதாக அறிவித்து, 2020 சனவரியில் குரோமியத்தின் அடிப்படையில் அமைந்த எட்ஜை வெளியிட்டது. எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவு, விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில், 2022 சூன் 15 அன்று முடிவுற்றது. ஒரு காலத்தில் எக்ஸ்புளோரருக்காக மட்டும் எழுதப்பட்டது போல, இன்று குரோமில் மட்டும் சோதித்துப் பார்க்கப்படும் தளங்கள் பெருகியுள்ளன.

ஐரோப்பாவின் தேர்வுத் திரை

பயனருக்குத் தேர்வை நேரடியாக அளித்தால் என்ன நிகழும் என்பதனை ஐரோப்பிய ஒன்றியம் சோதித்துப் பார்த்தது. ஓப்பரா நிறுவனம் 2007 திசம்பரில் கொடுத்த முறையீட்டைத் தொடர்ந்து, எக்ஸ்புளோரரை முன்னிருப்பாகக் கொண்ட விண்டோஸ் கணினிகளில் உலாவித் தேர்வுத் திரையைக் காட்ட மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. 2010 மார்ச்சு முதல் தோன்றிய அத்திரையில் 12 உலாவிகள் இருந்தன. முதன்மையான ஐந்தும் முன்னே, ஏனையவை பக்கவாட்டில் நகர்த்தினால் மட்டும் தெரியும்படி. வரிசை சமவாய்ப்பு முறையில் மாற வேண்டும் என்பது விதி. ஆனால் வரிசையைக் குலுக்கும் நிரல் தவறாக எழுதப்பட்டிருந்ததால், சில உலாவிகள் சில இடங்களில் அடிக்கடி தோன்றின. பக்கத்தின் நிரலைப் படித்துப் பார்த்த நிரலாளர் ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டிய பின் அது திருத்தப்பட்டது. கணினியியல் மாணவர்களுக்கு இன்றும் நல்ல பாடமாக அமையும் பிழை இது.

இதனினும் பெரிய பிழை பின்னர் நேர்ந்தது. விண்டோஸ் 7இன் முதற் சேவைப் பொதியில் இத்திரை விடுபட்டுப் போயிற்று. 2011 மே முதல் 2012 சூலை வரை 1.5 கோடிக்கும் மேலான பயனர்கள் அதனைக் காணவேயில்லை. தொழினுட்பத் தவறு என மைக்ரோசாப்ட் விளக்கியது. ஐரோப்பிய ஆணையம் 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. திரை காட்டும் கடப்பாடு 2014 திசம்பரில் முடிவுற்றது.

அதே கருத்து பத்தாண்டுகளுக்குப் பின் தொலைபேசியில் மீண்டும் தோன்றிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின்படி, 2024 மார்ச்சு முதல் ஐபோன்களில் உலாவித் தேர்வுத் திரை காட்டப்படுகிறது. அதுவரை ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே இயங்கியது வெப்கிட் பொறியே. ஆப்பிளின் விதி அவ்வாறு. அங்கே குரோம், பயர்பாக்ஸ் என்பன சபாரியின் மேல் போர்த்திய வேறு சட்டைகள் மட்டுமே.

யார் பணம் தருகிறார்?

உலாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறி ஒன்றைப் பேணுவதோ பெருஞ்செலவு பிடிப்பது. இப்பணத்தின் பெரும்பகுதி தேடல் விளம்பரங்களிலிருந்து வருகிறது. தேடல் சந்தை தொடர்பான அமெரிக்க வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, சபாரியில் முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்கென 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2000 கோடி டாலர் கொடுத்தது. மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதியும் கூகுளுடனான அத்தகைய ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. அதாவது, குரோமுக்கு மாற்றாகப் பயர்பாக்சைத் தேர்ந்தெடுப்பவரின் உலாவியும் பெரும்பாலும் கூகுளின் பணத்தில்தான் வாழ்கிறது. தேடலில் கூகுள் சட்டத்திற்குப் புறம்பான முற்றுரிமையைக் காத்து வந்தது என நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகத்தில் தீர்ப்பளித்தார். குரோமை விற்றுவிட வேண்டும் என அரசுத் தரப்பு கேட்டது; 2025 செப்டம்பரில் அவர் அதனை ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களுக்கு மட்டும் தடை விதித்தார்.

அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேர்ந்தெடுத்தல்

விரைவையே பலர் முதலில் பார்க்கின்றனர். இன்றைய உலாவிகளுக்கிடையே அன்றாடப் பயனர் உணரத்தக்க விரைவு வேறுபாடு மிகக் குறைவு. பக்கம் தாமதமாவதற்கு இணைப்பும் விளம்பர நிரல்களுமே பெரும்பாலும் காரணம். முதலில் பார்க்க வேண்டியது, தமது கணினிக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா என்பதே. பழைய கணினி வைத்திருப்போருக்கு இது மேலும் பொருந்தும். விண்டோஸ் 7இல் குரோமின் 109ஆம் பதிப்பே இறுதியானது. 2023 தொடக்கத்துடன் அது நின்றது. பயர்பாக்சின் 115ஆம் நீடித்த ஆதரவுப் பதிப்பு அதற்குப் பின்னரும் அவ்வியங்குதளத்திற்குத் திருத்தங்களைப் பெற்றது. பள்ளி, நூலகம் போன்ற இடங்களில் பழைய கணினிகளைப் பேணுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது தன்மறைப்பு. ஒரு தளத்தைப் பார்க்கும்போது அத்தளத்துடன் தொடர்பற்ற விளம்பர நிறுவனங்கள் உலாவியில் குக்கி எனப்படும் நினைவிகளை இட்டு, பயனரைத் தளத்துக்குத் தளம் பின்தொடர்கின்றன. சபாரி 2017 முதலும் பயர்பாக்ஸ் 2019 முதலும் இவற்றை முன்னிருப்பாகவே கட்டுப்படுத்தி வருகின்றன. குரோமில் இவற்றை அகற்றப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, பின் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத் தடுப்பு நீட்சிகளிலும் இதே வேறுபாடு உண்டு. குரோம் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால், யுபிளாக் ஆரிஜின் என்னும் புகழ்பெற்ற தடுப்பி 2024 முதல் அதில் படிப்படியாக முடக்கப்பட்டது. பயர்பாக்சில் அது முழு வலுவுடன் தொடர்ந்தது. விளம்பர நிறுவனம் ஒன்று தயாரிக்கும் உலாவி, விளம்பரத் தடுப்பில் தயக்கம் காட்டுவது வியப்பன்று.

மறைநிலைச் சாளரம் பற்றிய தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. அது பார்த்த பக்கங்களின் வரலாற்றை அக்கணினியில் சேமிக்காது, அவ்வளவே. இணையச் சேவை வழங்குநரிடமிருந்தோ, அலுவலக வலையமைப்பிடமிருந்தோ, பார்க்கும் தளத்திடமிருந்தோ அது எதனையும் மறைப்பதில்லை. இணையக் கூடங்களில் பிறர் கணினியைப் பயன்படுத்துவோருக்கு அது உதவும்.

இலவச வசதிக்காக ஏதேனும் ஓர் உலாவியை நிறுவுவதிலும் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் 2010களின் நடுப்பகுதியில் தொலைபேசிகளில் முன்னணியில் இருந்த யூ.சி உலாவி, பயனரின் தேடல் சொற்களையும் கருவியின் அடையாளங்களையும் போதிய மறையீடின்றி அனுப்பியதை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015இல் வெளிப்படுத்தியது. 2020 சூனில் இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளுள் அதுவும் ஒன்று.

இருவேறு பொறிகள் கொண்ட இரண்டு உலாவிகளை நிறுவி வைத்துக்கொள்வது நடைமுறையில் பயன்தரும். அன்றாட வாசிப்புக்கு ஒன்றையும், வங்கி, தேர்வு விண்ணப்பம் போன்றவற்றிற்கு நீட்சிகள் ஏதுமற்ற மற்றொன்றையும் ஒதுக்கலாம். ஒன்றில் திறக்க மறுக்கும் அரசுப் படிவம் மற்றொன்றில் திறப்பதுண்டு. புதிய உலாவியை நிறுவியதுடன் வேலை முடிவதில்லை. இயங்குதளத்தின் அமைப்புகளில் அதனை முன்னிருப்பாகவும் மாற்ற வேண்டும். விண்டோஸ் 11 வெளிவந்தபோது ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்த பின், 2022இல் ஒரே பொத்தானில் மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது.

உலாவி மாறத் தயங்குவோர் பெரும்பாலும் அஞ்சுவது சேமித்த கடவுச்சொற்கள் போய்விடுமே என்பதற்காகத்தான். முதன்மையான உலாவிகள் அனைத்தும் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் பிறிதோர் உலாவியிலிருந்து இறக்குமதி செய்யும் வசதியைக் கொண்டுள்ளன. கடவுச்சொற்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்தும் மாற்றலாம். அக்கோப்பு மறையீடு ஏதுமின்றிச் சாதாரண உரையாக இருப்பதால், மாற்றம் முடிந்தவுடன் அதனை அழித்துவிட வேண்டும்; குப்பைத் தொட்டியிலிருந்தும்.